முழு முகம்

“கால்ல முள்ளு குத்தினா தொடையிடுக்குல நெறி கட்டும் இல்லையா? அந்த நெறியைத்தான் சொல்றேன்” என்றார் சர்ஜன்.

மச்சான் உடனே இடுப்புக்குக் கீழே கையை விட்டு அழுத்திப் பார்த்துக்கொண்டார். எதிரில் சர்ஜன், பக்கத்தில் என் அக்கா, பின்னால் நான். அவர் பஸ் ஓட்டுகிறவர். அந்தத் தொழிலில் கூச்சம் சீக்கிரம் போய்விடும்.

“எனக்கு நெறியே கட்டலையே, டாக்டர்.”

“இப்போ கட்டாது. கைக்குத் தட்டுப்படற அளவுக்கு வந்துட்டா நாம ஏற்கெனவே லேட்டு. அதுக்கு முன்னாடியே எடுத்துப் பார்த்துடணும்.”

விஷயம் அவருடைய வலது குதிகாலில் இருந்தது. பெடலை மிதிக்கும்போது தரையில் ஊன்றி நிற்கும் இடம். அங்கே ஒரு கறுப்புக் கறை, கிழித்த காகிதம் மாதிரி ஓரம் ஒழுங்கில்லாமல். இரண்டு வருஷமாக அதை ஆயில் கறை என்று நினைத்துக் கல்லில் தேய்த்துக் குளித்திருக்கிறார். போகவில்லை. ஒரு நாள் காலுறையில் ரத்தம் ஒட்டியிருந்தது. துணுக்கு எடுத்துப் பார்த்ததில் தோல் புற்றுநோய் என்று வந்தது. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் செல்களில் பிடிப்பது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இறங்கியிருந்தது. இந்த நோயில் எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி.

சர்ஜன் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கால் வரைந்தார். அழகான கால் இல்லை. கறையைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வட்டமாக வெட்டி எடுப்பார்கள், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுப் போடுவார்கள். அது ஒரு வேலை. இன்னொரு வேலை, கறையின் ஓரத்தில் நீலச் சாயமும் கொஞ்சம் கதிர் மருந்தும் ஊசியில் ஏற்றி, அது எந்த வழியாக மேலே ஏறி நெறி கட்டும் கணுக்களில் எதில் முதலில் போய் நிற்கிறது என்று பார்ப்பது. அந்த ஒரு கணுவை மட்டும் எடுப்பார்கள். காவல் கணு என்று பெயர்.

“வீட்டுக்குள்ள திருடன் புகுந்தானான்னு தெரியணும்னா மொதல்ல யாரைக் கேப்பீங்க? வாட்ச்மேனைத்தானே? வாட்ச்மேன் சுத்தம்னா உள்ளே இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை.”

“வாட்ச்மேன் தூங்கிட்டிருந்தா?” என்றார் மச்சான்.

“அதைத்தான் இவங்க லேப்ல கண்டுபிடிப்பாங்க.” சர்ஜன் பேனாவால் என்னைக் காட்டினார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். 

“நீதான் பாப்பியாடா?”

“நான் சீவுவேன். பாக்கறது டாக்டரம்மா.”

“அரை வைத்தியன் கையில மாட்டினேனா” என்றார் மச்சான். “போச்சு.”

அது அவர் எனக்கு வைத்த பெயர். டாக்டருக்குப் படிக்கப் போய் மூன்றாம் வருஷத்தில் திரும்பி வந்தவன் நான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்களே, அதைப் பிடித்துக்கொண்டு பதினோரு வருஷமாக விடவில்லை. வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால், “மாப்ளே, ஆயிரத்துல எத்தனை முடிச்சிருக்கே? இன்னிக்கு ஒண்ணு சேத்துக்கலாமா?” என்பார். அன்று நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து போகும்போது அவள் என்னைப் பின்னுக்கு இழுத்தாள்.

“வேற யார் கிட்டயும் குடுக்காதே. நீயே பண்ணு. உன் கையால பண்ணு.”

“சரி” என்றேன்.

சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. சொந்தக்காரர் திசுவைத் தொடக் கூடாது என்பது எங்கள் லேபில் சட்டம் மாதிரி. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லித் தள்ளிவிட வேண்டும். காரணம் கேட்க மாட்டார்கள்.

ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. மறுநாள் வார்டுக்குப் போனபோது மச்சான் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். காலில் பெரிய கட்டு, தொடையில் இன்னொரு கட்டு, இடுக்கில் சின்னப் பிளாஸ்திரி. நீலச் சாயம் உடம்பிலிருந்து இறங்க ஒரு நாள் ஆகும்.

“பச்சையா போகுது மாப்ளே.”

“அது சாயம், மச்சான். போயிடும்.”

“பச்சை வந்தா போலாம்னு அர்த்தம். எனக்கு சிக்னல் கெடச்சிருச்சு.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அந்த நகைச்சுவையை மச்சான் அன்று காலையிலிருந்து எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை. அக்கா ஜன்னல் ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து உரித்து வைத்தாளே தவிர யாருக்கும் கொடுக்கவில்லை.

தோலின் ரிப்போர்ட் முதலில் வந்தது. ஓரங்கள் எல்லாம் சுத்தம். வெட்டியது போதும். மீதி இருந்தது கணு.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உடம்பிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்துத் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கட்டியாக்குவார்கள். அதைச் செய்பவளை நாங்கள் மெழுகுக்காரி என்போம். அந்தக் கட்டியை இயந்திரத்தில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுப்பது என் வேலை. சாயம் ஏற்றியபின் டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதுவார்.

சீவத் தொடங்கியதும் வருவது வெறும் மெழுகு. பிறகு திசுவின் ஒரு மூலை எட்டிப் பார்க்கும். முழுத் திசுவும் கத்திக்கு வரும்வரை, தடிமனாகச் சீவித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதை முகம் எடுப்பது என்போம். “முகம் வந்துடுச்சா?” “இன்னும் அரை முகந்தான்.” நாள் முழுக்க இதுதான் பேச்சு. தள்ளிய சீவலுக்கு மதிப்பில்லை. கத்திக்குக் கீழே ஒரு தட்டில் விழும், வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகும்.

காவல் கணுவுக்கு மட்டும் முகம் எடுக்கக் கூடாது. கணுவை நடுவில் பிளந்து, பிளந்த பக்கம் கத்தியைப் பார்க்கும்படி பதிப்பார்கள். நோய் வந்திருந்தால் பெரும்பாலும் அந்த நடு வெட்டில்தான், கணுவை மூடியிருக்கும் மெல்லிய தோலுக்குச் சற்று உள்ளே, பத்து இருபது செல்களாக ஒதுங்கி நிற்கும். அதனால் முதல் சீவலிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். அரை முகமானாலும், கால் முகமானாலும். இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ‘காவல் கணு – முகம் தேடாதே.’ அதை எழுதி ஒட்டியதே நான்தான். புதிதாக வருகிறவர்கள் தப்புச் செய்வார்கள் என்று.

வெள்ளிக்கிழமை காலை கட்டி வந்தது. எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. எண் எனக்கு மனப்பாடம்.

“இது கொஞ்சம் சாய்ஞ்சு உக்காந்துடுச்சு” என்றாள் மெழுகுக்காரி. “ரெண்டு பாதியில ஒண்ணு மேல நிக்குது. மறுபடி உருக்கிப் பதிக்கவா?”

“வேண்டாம். நான் பாத்துக்கறேன்.”

“உங்க கைக்கு எல்லாம் நேராயிடும்.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அது உண்மையும்கூட. என் சீவலில் சுருக்கம் இருக்காது, கீறல் இருக்காது. வெளியூரிலிருந்து பார்க்க வந்த ஒரு பேராசிரியர் ஒருமுறை என் ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, யார் கை இது என்று கேட்டார். படிப்பை விட்டவனுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் அவன் அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுவான்.

முதலில் இயந்திரத்தைத் துடைத்தேன். காலையிலிருந்து தட்டில் விழுந்த மற்றவர்களின் சீவலைக் கொட்டி, பிரஷ் போட்டு, துணியால் ஒற்றி எடுத்தேன். புதுக் கத்தி மாற்றினேன். கட்டியை மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றினேன்.

மெழுகு வந்தது. பிறகு ஒரு பாதி எட்டிப் பார்த்தது. பட்டாணி அளவுகூட இல்லை, வெளிறிப்போய். மற்றப் பாதி மெழுகுக்குள்ளேயே கிடந்தது. எனக்கு அந்த ஒற்றைப் பாதியைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போது என்ன நினைத்தேன் என்று பிறகு பலமுறை தோண்டிப் பார்த்துவிட்டேன். மச்சான் பஸ் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவுவது ஞாபகம் வந்தது. அக்கா ஆரஞ்சு உரித்தது வந்தது. கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக என்ன செய்து பழகியதோ அதையே செய்தது. இரண்டு பாதியும் பளிச்சென்று, பிசிறில்லாமல், முழு வட்டமாக வந்து நின்றன. அழகான முகம். சுற்றுகளை வாய்க்குள் எண்ணுவது என் வழக்கம். இருபத்தெட்டு.

அப்போதுதான் தலை நிமிர்ந்தது. நேர் எதிரே என் கையெழுத்து.

இருபத்தெட்டுச் சுற்று என்றால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. விரல் நகத்தின் தடிமன். திருடன் வந்திருந்தால் அந்தத் தடிமனில்தான் நின்றிருப்பான்.

நான் பரிசுத்தன் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன யோசித்தேனோ அதைச் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது. மெழுகுக்காரி அடுத்த அறையில். மீதிக் கட்டியிலிருந்து வரும் ஸ்லைடுகள் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்; டாக்டரம்மா என் கையை நம்புவார்; ‘நோய் இல்லை’ என்று எழுதுவார். ஐந்து பேரில் நான்கு பேருக்கு உண்மையிலேயே இருக்காது. அக்கா அழுது முடித்துவிட்டுச் சமைப்பாள். மச்சான் மூன்று மாதத்தில் பஸ் எடுப்பார். இல்லை என்றால் இல்லைதானே. இருந்திருந்தால்? இரண்டு வருஷம் கழித்து நெறி கட்டும். அப்போது யாரும் இந்த வெள்ளிக்கிழமையைத் தேடி வர மாட்டார்கள்.

போன் அடித்தது. அக்கா. எடுக்கவில்லை.

“என்ன, தவம் பண்றீங்களா?” மெழுகுக்காரி அடுத்த தட்டோடு வந்து நின்றாள்.

“தட்டுல கை வைக்காதே.”

“வைக்கலையே. என்ன ஆச்சு?”

“இந்தப் பக்கம் யாரும் வராம பாத்துக்கோ. ஃபேனை அணைச்சுடு.”

காற்று பட்டால் சீவல் பறந்துவிடும். அவள் தட்டைப் பார்த்தாள், சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள், ஃபேனை அணைத்தாள். 

டாக்டரம்மாவின் அறை அதே மாடியில், நடையின் கடைசியில். அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுகிறவர்.

“காவல் கணுல முகம் எடுத்துட்டேன்.”

கண்ணை எடுத்தார்.

“எவ்வளவு?”

“இருபத்தெட்டு சுத்து.”

“நீயா?”

“நான்தான்.”

“நேத்து வந்த பையன் பண்ணியிருந்தா நம்பியிருப்பேன். உனக்கு என்ன ஆச்சு?”

“எங்க மச்சானோடது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஆக ரெண்டு தப்பு. சொல்லாம எடுத்தது ஒண்ணு. சொல்லியிருந்தா அடுத்தது நடந்திருக்காது.” பிறகு, “தட்டுல வேற யாரோட சீவல் கலந்திருக்கு?”

“யாரோடதும் இல்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சுத்தமா துடைச்சேன். கத்தியும் புதுசு.”

“ஒவ்வொரு கட்டிக்கும் துடைப்பியா?”

“கத்தியைத் துடைப்பேன். தட்டை இல்ல. காலையில ஒருதடவை, மத்தியானம் ஒருதடவை.”

“அப்போ இதுக்கு மட்டும் துடைச்சிருக்கே.”

நான் தரையைப் பார்த்தேன்.

“சொந்தக்காரன்னா துடைப்பே. மத்தவன்னா ஊரான் வீட்டுப் பிள்ளை. சரி. இன்னிக்கு அதுவும் நல்லதுக்குத்தான் ஆச்சு. வா.”

அவர் என்னைத் தட்டைத் தொட விடவில்லை. மெழுகுக்காரிதான் எடுத்தாள். மரச் சீவல் மாதிரிச் சுருண்டு கிடந்ததை ஈரப் பிரஷ் முனையில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வெந்நீரில் விட, அது மெல்ல அவிழ்ந்து விரிந்தது. சில விரிந்தன, சில கிழிந்தன, சில விரியாமலே மூழ்கின. நான் கையைக் கட்டிக்கொண்டு எண்ணினேன். வெறும் மெழுகைத் தள்ளிவிட்டால் திசுவோடு கண்ணாடியில் ஏறியவை பத்தொன்பது. கிழிந்து போனவை மூன்று. எது முதலில் விழுந்தது, எது கடைசியில் என்று யாராலும் சொல்ல முடியாது. தட்டில் விழுந்தபிறகு வரிசை கிடையாது.

“மூச்சை அந்தப் பக்கம் விடுங்க” என்றாள் மெழுகுக்காரி. 

அந்த நோயின் செல்களை மட்டும் சிவப்பாக்கிக் காட்டும் சாயம் ஒன்று இருக்கிறது. அது ஏற மறுநாள் ஆயிற்று. மீதிக் கட்டியையும் வேறொருவர் அடுக்கடுக்காகச் சீவி அதே சாயம் போட்டார். சனிக்கிழமை மதியம் டாக்டரம்மா கூப்பிட்டார். அவருக்கு எதிரே இன்னொரு ஜோடிக் கண் வைத்துப் பார்க்கிற மாதிரி மைக்ரோஸ்கோப் உண்டு. உட்கார் என்று கையைக் காட்டினார்.

“இது நீ பிரமாதமா எடுத்து வச்சியே, அந்த முகம்.” நீல வெளி. ஒரு சிவப்பும் இல்லை. “இதுக்குக் கீழே இருக்கற அடுக்கு எல்லாம் இப்படித்தான். சுத்தம்.”

ஸ்லைடை மாற்றினார்.

“இது குப்பைக்குப் போக இருந்தது.”

சீவல் தடித்திருந்தது, ஒரு பக்கம் மடிந்திருந்தது. எனக்கே வெட்கமாக இருக்கும் சீவல். அதன் ஓரத்தில், கணுவின் தோலுக்குச் சற்று உள்ளே, சிவப்பு. குங்குமத்தை விரல் நுனியால் தொட்டு வைத்ததுபோல என்று எழுதலாம், ஆனால் அப்படி இல்லை. கொசு நசுங்கிய மாதிரி இருந்தது.

“பத்தொன்பதுல நாலுல இருக்கு. நீ பேசாம இருந்திருந்தா ‘இல்லை’ன்னு நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

அது பாராட்டு இல்லை. அவர் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“எவ்வளவு பெரிசு?” என்றேன்.

“அதை நீதான் சொல்லணும். இந்தத் துண்டுல பூஜ்யம் புள்ளி நாலு மில்லிமீட்டர். இது அதோட நடுவா, வாலா? கிழிஞ்ச மூணுல என்ன இருந்தது? எனக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டருக்குள்ளன்னா அடிக்கடி ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கிட்டாப் போதும்னு சர்ஜன் சொல்லுவாரு. மேலன்னா ஒரு வருஷம் மருந்து ஏத்தணும். நான் அளவு எழுத முடியாது. ‘முகம் எடுத்தபோது திசு இழப்பு, அளவு உறுதி இல்லை’ன்னுதான் எழுதப்போறேன்.”

“சரி.”

“யாருன்னு எழுத மாட்டேன். அதை நீயே போய்ச் சொல்லிக்கோ.”

திங்கட்கிழமை மறுபடியும் சர்ஜனின் அறை. மச்சான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கட்டு மாற்றினேன், குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று அக்கா கேட்டபோது சர்ஜன்தான் சொல்ல வேண்டும் என்றேன். அது பொய் இல்லை. பொய்க்குப் பக்கத்து வீடு.

சர்ஜன் நேராகச் சொன்னார். வாட்ச்மேன் சுத்தமில்லை. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. முன்பெல்லாம் இப்படி இருந்தால் தொடையிடுக்கில் இருக்கும் கணுக்கள் எல்லாவற்றையும் வழித்து எடுப்பார்கள், கால் ஆயுசுக்கும் வீங்கிக் கிடக்கும். இப்போது அது வேண்டியதில்லை, ஸ்கேனில் கண் வைத்திருந்தால் போதும். ஆனால் மருந்து.

“சின்னதா இருந்தா மருந்தே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அளவு சரியா தெரியலை. தெரியாதப்போ பெரிசுன்னு வச்சுக்கறதுதான் பத்திரம். மூணு வாரத்துக்கு ஒருதடவை, ஒரு வருஷம். அசதி இருக்கும். சிலருக்குக் குடல், தைராய்டு எல்லாம் படுத்தும்.”

“பஸ்?” என்றார் மச்சான்.

“இந்த வருஷம் இல்லை.”

அக்கா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்கு அதில் என்ன புரிந்ததோ.

“ஏன் அளவு தெரியலை?”

“லேப்ல கொஞ்சம் திசு வீணாயிடுச்சு. சில சமயம் நடக்கும்மா.”

“எப்படி வீணாகும்? இத்தனூண்டைப் பத்திரமா வைக்கத் தெரியாதா?” அவள் என் பக்கம் திரும்பினாள். “நீதானே அங்க இருக்கே. எவன்டா அவன், கையாலாகாதவன்?”

“நான்தான்” என்றேன்.

சர்ஜன் பேனாவை மூடினார். அக்கா இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொன்னியேன்னு நானே எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. அழகா வரணும்னு சீவிட்டேன். நடுப்பகுதி குப்பைத் தட்டுல போச்சு. அதுலேர்ந்து பொறுக்கித்தான் நோய் இருக்குன்னே கண்டுபிடிச்சாங்க. எவ்வளவுன்னு தெரியாம போனது என்னால.”

மச்சான் என்ன சொல்வார் என்று நான் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய ஊன்றுகோல் சுவரில் வழுக்கிக் கீழே விழுந்தது; குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அக்கா எழுந்து வெளியே போனாள்.

அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பாள், தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். வாய் திறக்க மாட்டாள். ஒருமுறை அடுக்களையிலிருந்து மகளிடம் சொன்னது காதில் விழுந்தது: “மாமாவைக் கேளு, இன்னும் சோறு வேணுமான்னு.”

முதல் மருந்துக்கு மச்சானை நான்தான் கூட்டிப்போனேன். நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்தபடி இருந்தார். அரை மணி நேரம். முடிந்ததும் பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் அழுத்தியபடி கேட்டார்.

“அதை நான் பாக்க முடியுமா?”

“எதை?”

“உள்ள வந்தவனை.”

லிஃப்டில் இரண்டாம் மாடிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தார்; போனில் அனுமதி வாங்கினேன். இரண்டு பேர் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் அவரை உட்கார வைத்து, ஸ்லைடை வைத்து, அம்புக்குறியை அந்த இடத்துக்கு நகர்த்தினேன். நீண்ட நேரம் பார்த்தார். ரோட்டைப் பார்க்கிற பார்வை.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதானான்னு தெரியாது மச்சான். அதான் விஷயம்.”

“ம்.”

இன்னும் கண்ணை எடுக்கவில்லை.

“ஒரு ஆளை மோதிட்டு வண்டியை நிறுத்தாம போற டிரைவர் எத்தனை பேர் தெரியுமா? பின்னாடி பாத்தா யாரும் இல்ல, ரோடு காலி. அப்படியே மிதிச்சுடுவான். எங்க டெப்போவுலயே ரெண்டு பேர் இருக்கானுங்க, எனக்குத் தெரியும்.” கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “நீ நிறுத்தினே. அதுக்காக மோதலைன்னு ஆயிடாது.”

“ஆகாது.”

“அசதியா இருக்கு. வீட்டுக்குப் போலாம்.” எழுந்து ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, “ஆயிரம்னு ஒரு கணக்கு சொல்லுவேனே உனக்கு.”

“சொல்லுவீங்க.”

“அதுல என் பேரை எழுதிடாதே. பென்சில்லகூட.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஆறு முறை மருந்து ஏறிவிட்டது. ஸ்கேன் ஒன்று முடிந்தது, அதில் ஒன்றுமில்லை. அடுத்த ஸ்கேனில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மச்சானுக்குத் தைராய்டு படுத்துகிறது, மாத்திரை போடுகிறார், மத்தியானம் முழுக்கத் தூங்குகிறார். சின்னதாக இருந்து, மருந்தே தேவைப்படாமல் இருந்து, இதெல்லாம் என் கைத் தவறுக்காக அவர் படுவதாகவும் இருக்கலாம். பெரியதாக இருந்து இந்த மருந்துதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றும் இருக்கலாம். எது என்று எழுதியிருந்த சீவல் கிழிந்து தண்ணீரில் போய்விட்டது.

லேபில் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். காவல் கணுவை இப்போது இரண்டு பேர் சேர்ந்துதான் மாட்ட வேண்டும், ஒருவர் சீவ ஒருவர் எண்ண. என் பழைய தாளைக் கிழித்துவிட்டு டாக்டரம்மா புதிய தாள் ஒட்டினார். அச்சடித்தது.

நான் ஒவ்வொரு கட்டிக்கும் தட்டைத் துடைக்கிறேன். கொட்டி, பிரஷ் போட்டு, துணியால் ஒற்றி. மணிக்கு இருபது கட்டி சீவியவன் பதின்மூன்றுதான் சீவுகிறேன். மெழுகுக்காரியின் தட்டுகள் என் மேசையில் தேங்குகின்றன. முந்தாநாள் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். யாரோ ஒருவரின் குடல்வால், சாதாரணக் கட்டி. நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இதுவும் உங்க மச்சானோடதா?”

“ஆமா” என்றேன்.